கடல் வண்ண மீன் தொட்டிக்கு எந்த நீர்?

கோமாளி மீன் போன்ற கடல் வண்ண மீன்களை வீட்டில் வளர்க்க முற்படுவோர் மீனுக்கும் கண்ணாடித் தொட்டிக்கும் முதலில் பணம் ஒதுக்குகிறார்கள். தண்ணீரைப் பற்றிக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். கிணற்று நீர் குடிக்க நன்றாக இருக்கும்போது சுத்திகரிப்புக் கருவி எதற்கு என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் குடிக்க ஏற்ற நீரெல்லாம் கடல் தொட்டிக்கு ஏற்றதாகிவிடாது.

உப்பளத்தில் நடப்பதே தொட்டியிலும் நடக்கிறது. ஆவியாகிப் போவது வெறும் நீர். உப்புகள் அனைத்தும் உள்ளேயே தங்கிவிடும். குறைந்த மட்டத்தை அன்றாடம் நன்னீர் ஊற்றி ஈடுகட்ட வேண்டும். 200 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு 4 லிட்டர் ஆவியாவதாகக் கொண்டால், மாதம் 120 லிட்டர் ஊற்ற நேரிடும். கிணற்று நீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட எல்லைதான். ஆனால் ஒரே மாதத்தில் தொட்டி நீரில் லிட்டருக்கு 27 மில்லிகிராம் நைட்ரேட் கூடுதலாகச் சேர்ந்துவிடும். மீனின் கழிவால் வருவது தனி. கண்ணாடியில் பாசி படர்ந்து, நீர் கெட்டு, மீன் இரை எடுக்காமல் ஒதுங்கும். பாதி நீரை மாற்றினாலும், மாற்றும் நீர் அதே கிணற்று நீராக இருந்தால் குறை முற்றும் தீராது. யூரியா மிகுதியாக இடும் வயல்களை ஒட்டிய கிணறுகளில் நைட்ரேட் அதிகம் இருக்க வாய்ப்புண்டு.

ஆகவே கருவி வாங்குமுன் நீரைப் பரிசோதிப்பதே முதல் வேலை. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் நீர் மாதிரியைக் கொடுத்து நைட்ரேட், இரும்பு, கடினத்தன்மை, மொத்தக் கரைந்த உப்பு ஆகியவற்றை அறியலாம். அதன் பிறகே கருவியைத் தேர்ந்தெடுப்பது நலம்.

புற ஊதா விளக்கு கிருமியைக் கொல்லும். கரைந்த உப்பை அகற்றாது. கடின நீரை மென்னீராக்கும் கருவி சுண்ணாம்புச் சத்தை எடுத்துவிட்டு அதற்கு ஈடாகச் சோடியத்தை விடுகிறது. நைட்ரேட் அப்படியே இருக்கும். கொதிக்க வைப்பதோ நைட்ரேட்டை மேலும் செறிவாக்கும். கரித்தூள் வடிப்பான் குளோரினையும் வாடையையும் எடுக்கும், அவ்வளவே. உப்பை நீக்கும் வேலைக்கு ஆர்.ஓ. சவ்வு வேண்டும். அது கரைந்த உப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தடுத்துவிடும். எஞ்சியதைப் போக்க, அதற்கடுத்து அயனி நீக்கும் பிசின் குழாய் ஒன்றைப் பொருத்த வேண்டும். வெளிவரும் நீரில் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் அல்லது அதை ஒட்டிய அளவைக் காட்ட வேண்டும்.

வீட்டில் குடிநீருக்கு ஆர்.ஓ. கருவி ஏற்கனவே இருந்தால் அதையே பயன்படுத்தலாமா? ருசிக்காகச் சிறிதளவு பச்சை நீரைக் கலந்துவிடும் திருகு பல கருவிகளில் உண்டு. அதை மூடிவிட்டு, தாது சேர்க்கும் குழாயையும் விலக்கி, பிசின் குழாயை இணைத்தால் போதும். புதிதாக ஒன்று வாங்கும் செலவு மிச்சம். கிணற்று நீரில் இரும்பு மிகுந்து செந்நிறம் படிந்தால், முதலில் நீரைக் காற்றோட்டமாகத் தெளியவிட்டு மணல் வடிப்பானில் செலுத்த வேண்டும். இல்லையேல் சவ்வு விரைவில் அடைத்துக்கொள்ளும்.

மழை நீரும் நல்லதே. முதல் மழையை ஒதுக்கிவிட்டு, சுத்தமான ஓட்டுக் கூரை அல்லது மாடித் தளத்திலிருந்து பிடித்து, கரித்தூள் வடிப்பானில் வடித்துப் பயன்படுத்தலாம். துத்தநாகத் தகட்டுக் கூரை நீர் வேண்டாம்.

பாத்திர விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். செம்பு அண்டா, பித்தளைக் குழாய் முகப்பு இவற்றில் பட்ட நீர் அலங்கார இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு. மீன் தாங்கும் செம்பின் அளவை இறால் தாங்காது. பூச்சிமருந்து வந்த பீப்பாயை எத்தனை முறை கழுவினாலும் இந்த வேலைக்கு ஆகாது. உணவுப் பொருளுக்கான பிளாஸ்டிக் பீப்பாயே உகந்தது. அதில் சுத்திகரித்த நீரை நிரப்பி, கடல் தொட்டிக்கென விற்கும் உப்புக் கலவையை லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கரைத்து, ஒரு நாள் காற்றுக் குமிழ் விட்டபின் தொட்டியில் ஊற்ற வேண்டும். 200 லிட்டருக்குச் சுமார் 7 கிலோ உப்பு பிடிக்கும். சமையல் கல் உப்பில் போதிய கால்சியமும் மக்னீசியமும் இல்லை.

அழகுக்காகப் பவளம் வைக்க ஆசைப்படுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாறை கட்டும் பவளம், கடல் விசிறி முதலியவை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. கரையில் கிடக்கும் செத்த பவளத்தையும் எடுத்து வரக்கூடாது. சுட்ட மண் ஓடும் சட்டியும் போதும். கோமாளி மீன் அந்த ஓட்டிலேயே முட்டை ஒட்டும்.

ஒரு லிட்டர் தூய நீருக்கு மூன்று லிட்டர் அளவுக்குக் கழிவு நீர் வெளியேறும். மேற்சொன்ன கணக்கில் அது மாதம் 360 லிட்டர் ஆகும். மூல நீரைக் காட்டிலும் இதில் மூன்றில் ஒரு பங்கு உப்பு கூடுதலாக இருக்கும். தென்னைக்குப் பாய்ச்சலாம், பாத்திரம், மாட்டுக் கொட்டகை கழுவலாம். நாற்றங்காலுக்கும் கீரைப் பாத்திக்கும் விடக்கூடாது. மீட்டரில் அளவு 5-ஐத் தாண்டத் தொடங்கினால் பிசினை மாற்றும் காலம் வந்துவிட்டது எனலாம்.