மாலையும் மாதச் சம்பளமும்

அன்புள்ள தங்கைக்கு,

ஆசிரியர்களின் தகுநிலையும் பணிச்சூழலும் எப்படி இருக்க வேண்டும் என்பதை உலக நாடுகள் கூடி ஓர் ஆவணமாக எழுதிவைத்தது 1966 அக்டோபர் 5 அன்று, பாரிஸ் நகரில். யுனெஸ்கோவும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து கொண்டுவந்த பரிந்துரை அது. 146 பத்திகள் கொண்டது. அந்த நாளே 1994 முதல் உலக ஆசிரியர் நாள். (இந்தியாவில் 1962 முதல் செப்டம்பர் 5, திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனின் பிறந்தநாள்.)

அந்த ஆவணத்தில் புகழுரை குறைவு, கணக்கு அதிகம். ஒத்த படிப்பு கேட்கும் மற்ற வேலைகளுக்குக் குறையாத ஊதியம், ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கவனிக்க முடிகிற அளவில் வகுப்பு, ஆசிரியர் சங்கங்களோடு பேசி முடிவு செய்த வேலை நேரம், எட்டாத ஊர்களில் வேலை பார்ப்பவருக்குக் குடியிருப்பு என்று அது வரிசையாகக் கேட்கிறது. பரிந்துரைதான், சட்டமல்ல. மீறும் அரசைத் தண்டிக்க வழியில்லை.

குடியிருப்பு பற்றிய பேச்சு எவ்வளவு முக்கியம் என்பது தருமபுரி மாவட்டத்தில் விளங்கும். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் கடைசி மாவட்டம் இது, 68.5 விழுக்காடு. சித்தேரி மலை, வத்தல்மலை, பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலை என்று மேட்டில் ஒதுங்கிய ஊர்கள் பல. கோட்டூருக்கு வாக்குப்பதிவு எந்திரம் கழுதை மேல் ஏறிப்போகும் படம் தேர்தல் நேரத்தில் நாளிதழ்களில் வரும். தேர்தல் பணிக்கு அனுப்பப்படுவோரில் ஆசிரியர்கள் ஏராளம். அவர்கள் ஏறுவது ஐந்தாண்டுக்கு ஓரிரு முறை. மலைப்பள்ளி ஆசிரியர் ஏறுவது வேலை நாள்தோறும், அதற்குப் படம் எடுப்பாரில்லை. கலந்தாய்வு வந்ததும் அவர் கீழே மாறுதல் கேட்டால் அர்ப்பணிப்பு இல்லை என்று பேசுவது எளிது. குடும்பத்தோடு தங்க வீடில்லாத இடத்தில் அர்ப்பணிப்பை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இப்படிப்பட்ட ஊர்களில் பெரும்பாலும் இருப்பது ஈராசிரியர் பள்ளி. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்தும் மற்றவர் தலையில். கல்வி சாராத பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 27ஆம் பிரிவு. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றும் விதிவிலக்கு. எமிஸ் என்னும் பள்ளித் தகவல் தளத்தில் விவரம் ஏற்றுவது அந்த மூன்றில் சேராது. ஆனாலும் அதையும் ஆசிரியர்கள் செய்யவேண்டியிருந்தது! வேறு வழியும் உண்டு: பின்லாந்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கே முதுகலைப் பட்டம் வேண்டும்; அதற்கு ஈடாக 1990களின் தொடக்கத்திலேயே பள்ளி ஆய்வாளர் முறையைக் கைவிட்டு, ஆசிரியரை நம்பி வகுப்பை ஒப்படைத்தார்கள்.

ஊதியத்தில் தமிழ்நாட்டின் ஆறாத புண் 2009இல் உண்டானது. அந்த ஆண்டு மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200. படிப்பும் வேலையும் ஒன்றே. ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்ற முழக்கம் அங்கிருந்து வந்தது. 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தப்பட்டனர். பின்னர் தொகை உயர்ந்தாலும் மே மாதச் சம்பளம் இல்லாதது அவர்களின் நீண்டகால மனக்குறையாக இருந்தது. இலங்கையிலும் இதே கதைதான்: 1997இல் தொடங்கிய சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி 2021இல் ஆசிரியர்களும் பள்ளித் தலைமையாசிரியர்களும் மூன்று மாதங்களுக்கு மேல் கற்பித்தலை நிறுத்தினர்.

போராட்டத்துக்கும் விலை உண்டு. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் நீக்கப்பட்டனர். வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது; பெரும்பாலோர் பிறகு மீண்டும் சேர்க்கப்பட்டனர். 2025 செப்டம்பர் 1 அன்று அதே நீதிமன்றத்திலிருந்து வந்த தீர்ப்பு இன்னொரு கலக்கம்: பணியில் இருப்போரில் ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறவேண்டும் என்றது அது. அவர்களில் பலர் பணியில் சேர்ந்தபோது இல்லாத தேர்வு அது.

2030க்குள் உலகுக்கு இன்னும் 4.4 கோடி ஆசிரியர்கள் தேவை என்பது யுனெஸ்கோவின் கணக்கு. அதில் சகாராவுக்குத் தெற்கே மட்டும் 1.5 கோடி. ஆள் தேவை இருக்கிறது, தங்கவைக்கும் ஏற்பாடுதான் போதவில்லை. தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் சேர நினைத்தால் தயங்காமல் சேர். வேலைக்கான ஆணை கைக்கு வரும் நாளில், அது காலமுறை ஊதியமா, தொகுப்பூதியமா என்ற வரியை முதலில் படி.

அன்புடன்,
அண்ணன்