பர்ச்சேஸ் மேனேஜருக்குப் பின்னால் யார்?

கேள்வி: அட்டைப்பெட்டி தயாரிக்கும் சிறு நிறுவனத்தில் விற்பனைப் பிரதிநிதி நான். விலையைக் குறைத்தும் ஆர்டர் நகரவில்லை. மேலாண்மைத் திறன்கள் எனக்கு உதவுமா?

பதில்: உதவும். தொழில்நுட்பம், மனிதர்களைக் கையாளுதல், முழுவதையும் சேர்த்துப் பார்த்தல் என்று நிர்வாகிக்கான மூன்று திறன்களை ராபர்ட் காட்ஸ் 1955-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் எழுதினார். முதல் இரண்டும் உங்களிடம் ஓரளவு இருக்கும். இல்லாவிட்டால் இந்த வேலையில் தாக்குப்பிடித்திருக்க மாட்டீர்கள். பலரும் கோட்டைவிடுவது மூன்றாவதில்தான். வாங்கும் நிறுவனத்தை முழுதாகப் பாருங்கள்: பர்ச்சேஸ் மேனேஜர் விலையைப் பேசுவார். பெட்டி ஈரத்தில் நைந்துபோனால் திட்டு வாங்குவது ஸ்டோர்ஸ்காரர், லோடு தாமதமானால் அல்லாடுவது டெஸ்பாட்ச். அடுத்த முறை கொட்டேஷனை நீட்டுமுன், "போன மாசம் எத்தனை பெட்டி கிழிஞ்சு திரும்பி வந்துச்சு சார்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரே ஸ்டோர்ஸுக்கு போன் போடுவார். உங்கள் பேரம் அங்கேதான் தொடங்குகிறது.

பணத்தையும் அப்போதே பேசிவிடுங்கள். உங்களுடையது பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனம் என்றால், ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது இந்தியாவின் 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். வாய்ச்சண்டைக்கு இழுக்காமல் இதைக் கொட்டேஷனிலேயே அச்சடித்துவிடுங்கள்.