நாயைப் பழக்குவதும் ஒரு தொழில்

நம் ஊரில் நாய் இல்லாத லைன் உண்டா? மாரிக்குப்பம், சாம்பியன், கோரமண்டல், ஆண்டர்சன்பேட்டை. எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு நாய் தலை தூக்கிப் பார்க்கும். தெரிந்த ஆள் வந்தால் வாலை ஆட்டும். புது ஆள் வந்தால் குரைக்கும். இதை அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் இல்லை. நம்மைப் பார்த்துப் பார்த்து அதுவே கற்றுக்கொண்டது.

தானாகக் கற்கும் நாய்க்கு நாம் நினைப்பதையும் கற்றுக் கொடுக்கலாம். அதற்குக் கூலியும் வாங்கலாம்.

"நாயோடு நடப்பதற்குக் கூலியா?" என்று எங்கள் வகுப்பில் ஒரு அக்கா சிரித்தார். சிரிக்க வேண்டாம் அக்கா. கேளுங்கள்.

2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு நம்மில் பலருக்குப் பிழைப்பு பெங்களூரில்தான். இருட்டோடு எழுந்து ரயில் ஏறுகிறோம். கட்டட வேலை, கடை வேலை, காவல் வேலை என்று போகிறோம். அந்தப் பெங்களூரில் மாடி வீடுகளில் நாய் வளர்க்கிறவர்கள் நிறையப் பேர். வீட்டுக்காரர் காலையில் போனால் இரவுதான் வருவார். நாயை வெளியே கூட்டிப் போக ஆள் வேண்டும். குளிப்பாட்ட ஆள் வேண்டும். சொன்ன பேச்சைக் கேட்கும்படி பழக்கவும் ஆள் வேண்டும்.

போலீஸ் நாய்கள்

இந்தத் தொழிலில் பழைய கைகள் போலீஸும் ராணுவமும்தான். நம் நாட்டில் முதல் போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவு 1951இல் சென்னையில் தொடங்கியது. ராணுவ நாய்களுக்கு மீரட் நகரில் பயிற்சி நடக்கிறது. எல்லைப் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் குவாலியர் பக்கத்தில் டேகன்பூரில் இருக்கிறது. நமக்குக் கிட்டத்திலும் ஒன்று உண்டு. பெங்களூருக்கு அருகே தரளு என்ற ஊரில் மத்திய ரிசர்வ் போலீஸ் படை 2011இல் நாய்ப் பள்ளி தொடங்கியது.

ஆனால் இந்த இடங்களில் படையில் சேர்ந்தவர்களுக்குத்தான் பயிற்சி. படையில் சேர வயது வரம்பு உண்டு. பத்தாம் வகுப்பாவது முடித்திருக்க வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு இந்த வழியைச் சொல்லி வையுங்கள்.

மும்பைப் போலீஸில் ஜஞ்சீர் என்று ஒரு நாய் இருந்தது. லாப்ரடார் வகை. 1993இல் மும்பையில் பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. மக்கள் பலர் இறந்தார்கள். அதன் பிறகு ஜஞ்சீர் மோப்பம் பிடித்து 3,300 கிலோவுக்கு மேல் வெடிமருந்தைக் கண்டுபிடித்தது. எத்தனை உயிர் பிழைத்திருக்கும்! அது 2000 நவம்பரில் இறந்தபோது போலீஸார் மரியாதை செலுத்தினார்கள்.

ஜஞ்சீருக்கு வெடிகுண்டு என்றால் என்னவென்று தெரியுமா? தெரியாது. இப்படிப்பட்ட நாய்களுக்கு முதலில் ஒரு வாசனையைக் காட்டுவார்கள். அந்த வாசனையைக் கண்டுபிடித்தால் பந்தோ தின்பண்டமோ உடனே கிடைக்கும். பிறகு வாசனைப் பொருளை ஒளித்து வைப்பார்கள். நாய் தேடும். கண்டுபிடித்ததும் குரைக்காமல், பிறாண்டாமல், அங்கேயே உட்காரும். மறுபடியும் பந்து. நாய்க்கு அது விளையாட்டுத்தான்.

சட்டி மூடியின் சத்தம்

ரஷ்யாவில் பாவ்லோவ் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். 1904இல் நோபல் பரிசு வாங்கியவர். நாய்க்குச் சோறு வைக்கும் முன் ஒவ்வொரு முறையும் ஒரு ஓசை எழுப்பினார். சில நாளில், சோறே இல்லாமல் ஓசை கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறியது.

நம் வீட்டிலும் இது நடக்கிறது. சட்டி மூடி சத்தம் கேட்டால் நாய் எங்கிருந்தாலும் ஓடி வருகிறதே! எதற்குப் பின் எது வரும் என்பதை நாய் கவனித்து வைத்துக்கொள்கிறது. நாய் பழக்குகிறவருக்கு இதுதான் அடிப்படைப் பாடம்.

இப்போது உட்காரச் சொல்லிக் கொடுப்போம். அவித்த கோழி இறைச்சி ஒரு துணுக்கு போதும். வெங்காயம் சேர்த்தது வேண்டாம். நாய்க்கு அது விஷம். சாக்லேட்டும் திராட்சையும் அப்படித்தான். துணுக்கை நாயின் மூக்கின் அருகே காட்டுங்கள். மெதுவாகத் தலைக்கு மேலே, பின்பக்கமாகக் கொண்டு போங்கள். நாயின் தலை உயரும். பின்பகுதி தானாகத் தரையில் படும். அந்த நொடியிலேயே "சபாஷ்" சொல்லிக் கொடுத்துவிடுங்கள். நாய் எழுந்து நின்ற பிறகு கொடுத்தால், எழுந்ததற்குக் கூலி என்று அது நினைத்துக்கொள்ளும். முதுகை அமுக்காதீர்கள். ஒரு வேளைக்கு ஐந்து நிமிஷம் போதும். சலித்துப் போகும் முன் நிறுத்திவிடுங்கள்.

நன்றாக உட்காரப் பழகிய பிறகு வார்த்தையைச் சேருங்கள். தமிழோ கன்னடமோ, எதுவானாலும் சரி. ஆனால் ஒரே வார்த்தைதான். அப்பா "உட்கார்" என்று சொல்ல, பிள்ளை "கூத்கோ" என்று சொன்னால் நாய் முழிக்கும்.

நாயைவிட வீட்டுக்காரரைப் பழக்குவதுதான் கஷ்டம். அவர்களுக்கும் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

"அண்ணா, நீங்க சொன்னா கேட்குது. நான் சொன்னா கேட்கவே மாட்டேங்குதே?"

"நீங்க ஆறு தடவை சொல்றீங்க மேடம். ஒரு தடவை சொல்லிட்டுக் கொஞ்சம் பொறுங்க."

உறுமல் ஒரு எச்சரிக்கை

சிலர் கம்பை எடுத்தால்தான் நாய் அடங்கும் என்பார்கள். அடித்தால் நாய் அடங்குவதுபோல் தெரியும். உள்ளே பயம் இருக்கும். உறுமியதற்காக ஒரு நாயை அடிக்கிறோம் என்று வையுங்கள். அது உறுமுவதை விட்டுவிடலாம். அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும். உறுமல் இருந்தால் நாம் விலகியிருப்போம் அல்லவா?

விலங்குகளை வதைப்பதைத் தடுக்க 1960ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நாயை அடித்து வதைப்பது குற்றம். முதல் தடவைக்கு அந்தச் சட்டம் வைத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. இன்றைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கூடக் காணாது.

வாலாட்டும் நாய் எல்லாம் நட்பான நாய் இல்லை. உடம்பு விறைத்து, வால் மட்டும் மேலே வேகமாக ஆடினால் கிட்டப் போகாதீர்கள். காதை மடக்குவது, உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, இவை பயத்தின் அடையாளங்கள். பயந்த நாயை நேராகப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் நின்று, அதுவே வரட்டும் என்று விடுங்கள்.

இவ்வளவு கவனித்தும் கடி படலாம். பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் தடவக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போடுங்கள். சொன்ன தேதிகளில் எல்லா ஊசிகளையும் போட்டு முடியுங்கள். வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. டாக்டரிடம் கேளுங்கள்.

நேற்று வரை சாதுவாக இருந்த நாய் இன்று தொட்டால் சீறுகிறதா? காதிலோ இடுப்பிலோ வலி இருக்கலாம். முதலில் கால்நடை டாக்டர் பார்க்க வேண்டும். விலங்குகளின் குணத்தை ஆராய்ந்து வைத்தியம் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது நெடுநாள் படிப்பு. நமக்குத் தெரியாததை டாக்டரிடம் அனுப்புகிறவரைத்தான் வீட்டுக்காரர்கள் நம்புவார்கள்.

எங்கே தொடங்குவது?

நாய் பழக்குகிறவர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். அதனால் ஏமாற்றுகிறவர்களும் உண்டு. பெரிய தொகை கேட்டுச் சான்றிதழ் தருவதாகச் சொல்வார்கள். பணம் கட்டும் முன் ஒரு நாள் அங்கே போய்ப் பாருங்கள். ஆசிரியர் வந்ததும் நாய்கள் வாலை இடுக்கிக்கொள்கின்றனவா? அப்படியென்றால் வந்த வழியே திரும்பி விடுங்கள்.

நாய்களைத் தங்க வைக்கும் விடுதியில் உதவியாளாகச் சேர்வது செலவில்லாத வழி. கூண்டு கழுவுவது, தட்டுக் கழுவுவது, முடி சீவுவது என்றுதான் ஆரம்பிக்கும். கையுறை கேட்டு வாங்குங்கள். கூலியை முன்பே பேசிக்கொள்ளுங்கள். பத்து நாய் பத்து விதம் என்பது அங்கேதான் தெரியும். பெண்களும் இந்த வேலை செய்யலாம். செய்கிறார்கள்.

பழகுவதற்கு விலை உயர்ந்த நாய் தேவையில்லை. லைனில் உங்களை நம்பி வரும் நாயே போதும்.

எழுதிப் பார்ப்போம்

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தினமும் மூன்று வரி எழுதுங்கள். மாதக் கடைசியில் வீட்டுக்காரரிடம் காட்ட இது உதவும். இப்படி எழுதலாம்:

திங்கள். காலை 7 மணி. ஐந்து தடவை சொன்னேன். இரண்டு தடவை உட்கார்ந்தது.

செவ்வாய். காலை 7 மணி. ஐந்துக்கு மூன்று. ஆட்டோ சத்தம் கேட்டுப் பயந்தது.

புதன். மழை. வீட்டுக்குள் பழக்கினேன். ஐந்துக்கு ஐந்து.