கணிப்பொறியின் குறுகிய மடை எது?



ஆண்டுத் தேர்வு முடிந்ததும் என்னிடம் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பாடத்துக்கும் ஆகணும், கேமும் ஆடணும். குறைஞ்ச செலவில் ஒரு கம்ப்யூட்டர் சேர்க்க முடியுமா?" என்பதே அது. சென்ற ஆண்டு ஆலங்குடிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவர் தம் தந்தையுடன் வந்தார். அவர் கையில் உதிரிப் பாகங்களின் பட்டியல் இருந்தது. முதல் வரியில் வண்ண விளக்குகள் மின்னும் கேபினட். அடுத்துப் பெரிய கிராபிக்ஸ் கார்டு. கடைசி வரியில், "எஸ்.எம்.பி.எஸ்.: இருப்பதில் மலிவானது" என்று எழுதியிருந்தது. "கடலை வித்த பணம் சார். ஒரு தரம்தான் போட முடியும். பார்த்துச் சொல்லுங்க" என்றார் தந்தை.

அந்தப் பட்டியலை நாங்கள் எவ்வாறு திருத்தினோம் என்பதை இங்கே காண்போம்.

கண்மாய் கற்பிக்கும் பாடம்

புதுக்கோட்டை மாவட்டம் கண்மாய்களின் நாடு. கவிநாட்டுக் கண்மாய் போன்ற பெரிய நீர்நிலை தளும்பி நின்றாலும், மடை குறுகியிருந்தால் வயலுக்கு வரும் நீர் குறைவுதான். மடையை அகலமாக்கிவிட்டு வாய்க்காலைத் தூர் வாராமல் விட்டாலும் பயனில்லை. வழியில் எந்த இடம் மிகக் குறுகியதோ, அந்த இடமே பாய்ச்சலின் அளவைத் தீர்மானிக்கிறது.

கணிப்பொறியும் அப்படித்தான். விலையுயர்ந்த ஒரு பாகத்தால் முழு இயந்திரமும் வேகம் பெறுவதில்லை. எனவே "எது சிறந்த பாகம்?" என்று கேட்பதைவிட, "என் வேலைக்கு எங்கே குறுகுகிறது?" என்று கேட்பதே சரியான கேள்வி.

முதலில் வேலையை அளப்போம்

பாடநூலைத் திரையில் படித்தல், காணொளி பார்த்தல், பைத்தான் பயிற்சி செய்தல் ஆகியவை கணிப்பொறிக்கு எளிய வேலைகளே. கேம் அப்படியன்று. 1920 × 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு 60 படங்கள் வேண்டுமானால், ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். அதே கேமை 1280 × 720 அளவில் ஆடினால் ஒரு படத்துக்கு 9,21,600 புள்ளிகளே தேவை. வேலை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது! ஒரு காசும் செலவில்லாமல் கிடைக்கும் வேகம் இது.

பிராசஸர்

சில பிராசஸர்களுக்குள்ளேயே படம் வரையும் பகுதியும் அமைந்திருக்கும். 2021இல் வந்த ரைசன் 5 5600ஜி இத்தகையது. மைன்கிராப்ட், வேலரன்ட் போன்ற கேம்களைத் தனிக் கார்டு இல்லாமலேயே இதில் ஆடலாம். அண்மைக் காலத்துப் பெரிய கேம்களுக்கு இது போதாது. 2022இல் வந்த இன்டெல் ஐ3-12100இலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் உண்டு. பாடத்துக்கு அது போதும். கேமுக்கு வலுக் குறைவு.

இங்கே ஓர் எச்சரிக்கை. அதே ஐ3-12100க்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், கிராபிக்ஸ் பகுதி அதில் இல்லை என்று பொருள். விலை குறைகிறதே என்று அதை வாங்கிவிட்டுத் தனிக் கார்டு வாங்காமல் விட்டால், திரை இருண்டே கிடக்கும். மதர்போர்டும் பிராசஸருக்குப் பொருந்த வேண்டும். ரைசனுக்கு உரியதில் இன்டெல் அமராது.

பழைய பாகங்களை வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். அதைவிடப் பழையதாயின் லினக்ஸ் நிறுவிப் படிக்கலாம்.

ரேம்: ஒரு வாய்க்காலா, இரண்டா?

டி.டி.ஆர்.4-3200 என்னும் ரேம் வினாடிக்கு 320 கோடி முறை தரவை மாற்றுகிறது. ஒவ்வொரு முறையும் செல்வது 64 பிட், அதாவது 8 பைட். பெருக்கினால் வினாடிக்கு 25.6 கிகாபைட். இரண்டு ரேம்களை உரிய இரு துளைகளில் செருகினால் இரண்டு வாய்க்கால்கள் திறந்து, அளவு 51.2 கிகாபைட் ஆகிறது. உள்ளமைந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. அதுவும் இந்த வாய்க்காலிலிருந்தே நீர் இறைக்க வேண்டும். ஆகவே 16 கிகாபைட் ரேம் ஒன்றைவிட, 8 கிகாபைட் ரேம் இரண்டு வாங்குவதே கேமுக்கு நல்லது.

தட்டு சுழலும் நேரம்

வன்தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது என்போம். வினாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி. வேண்டிய இடம் முனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிவினாடி காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரமும் சேர்ந்தால், சிதறிக் கிடக்கும் கோப்புகளை வினாடிக்கு நூறு முறைகூடத் தேடிப் படிக்க இயலாது. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. அது ஆயிரக்கணக்கான முறை படித்துவிடும். கணிப்பொறி விரைவில் விழித்தெழுவது இதனால்தான். ஆனால் கேமில் வினாடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கையை எஸ்.எஸ்.டி. உயர்த்தாது. கேம் திறக்கும் நேரத்தையே குறைக்கும்.

தமிழக அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தில் கிடைத்த மடிக்கணினி உங்கள் வீட்டில் முடங்கிக் கிடக்கிறதா? அதன் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தி, லினக்ஸ் நிறுவிப் பாருங்கள். படிப்புக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம்.

யாரும் பார்க்காத பெட்டி

இனி அந்தக் கடைசி வரிக்கு வருவோம். வீட்டிலுள்ள 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12 வோல்ட் முதலிய நேர்திசை மின்சாரமாக மாற்றித் தருவது எஸ்.எம்.பி.எஸ். பாகங்களுக்கு 120 வாட் தேவையென்றால், 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் பாய வேண்டும். பெட்டியின் மேல் '450' என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எதிரே உள்ள ஆம்பியரைப் பாருங்கள். அங்கே 14 என்றிருந்தால், 12 × 14 = 168 வாட் மட்டுமே அந்த வழியில் கிடைக்கும்.

'80 பிளஸ்' முத்திரை பெற்றது, தான் வாங்கும் ஆற்றலில் குறைந்தது 80 விழுக்காட்டைத் திருப்பித் தர வேண்டும். 120 வாட் தர அது 150 வாட் இழுக்கும். திறன் 60 விழுக்காடாக இருந்தால் 200 வாட் இழுக்கும். மிகுதியான 80 வாட்டும் வெப்பமாகிப் பெட்டிக்குள்ளேயே தங்கும். நாள்தோறும் 4 மணி நேரம் ஓட்டினால், 60 நாளில் முன்னதற்கு 36 யூனிட், பின்னதற்கு 48 யூனிட்.

மலிவான எஸ்.எம்.பி.எஸ். கெட்டால் தான் மட்டும் போவதில்லை. சில வேளைகளில் மதர்போர்டையும் உடன் அழைத்துச் சென்றுவிடும். என் முதல் கணிப்பொறியை நான் இழந்தது அப்படித்தான். நில இணைப்பு உள்ள மூன்று முனைச் செருகியையே பயன்படுத்துங்கள்.

யூ.பி.எஸ்.ஸையும் கணக்கிட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரியில் உள்ளது 84 வாட்-மணி. 150 வாட் இழுத்தால் காகிதக் கணக்கில் 34 நிமிடம். விரைவாக வடிக்கும்போது பாட்டரி முழு அளவைத் தராது. நடைமுறையில் இதில் பாதியைக்கூட நம்ப வேண்டாம். யூ.பி.எஸ். இருப்பது எழுதியதைச் சேமித்துவிட்டு முறையாக அணைப்பதற்கே.

நம் ஊர்ச் சித்திரை வெயிலையும் செம்மண் புழுதியையும் மறக்கலாகாது. பிராசஸர் அறையைவிட 35 பாகை சூடாகிறது என்றால், 25 பாகை அறையில் 60 பாகை. 40 பாகை அறையில் 75. காற்றோட்டமுள்ள எளிய கேபினட்டே மேல். மாதம் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தூசியைத் தட்டுங்கள்.

திருத்திய பட்டியல்

மின்னும் கேபினட் நீங்கியது. உள்ளமைந்த கிராபிக்ஸ் கொண்ட பிராசஸர், இரண்டு ரேம்கள், ஒரு எஸ்.எஸ்.டி., முத்திரையுள்ள எஸ்.எம்.பி.எஸ். ஆகியவை இடம்பெற்றன. கிராபிக்ஸ் கார்டுக்கான துளை காலியாக விடப்பட்டது. பின்னொரு நாள் பணம் சேர்ந்தால் செருகிக்கொள்ளலாம். 2025 இறுதியில் ரேம் விலை உலகெங்கும் ஏறியது போல விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் கணக்கிடும் முறை மாறாது.

அந்த மாணவரின் முகம் சற்று வாடியது உண்மைதான். பட்டியலை வாங்கிப் பார்த்த தந்தை கேட்டார்: "அப்போ அந்த வெளிச்சத்துக்கு மட்டும் தனியாக் காசா சார்?" மாணவரும் சிரித்துவிட்டார்.

செய்து பாருங்கள்: விண்டோஸ் உள்ள ஒரு கணிப்பொறியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒருசேர அழுத்துங்கள். திறக்கும் பட்டியலில் பிராசஸர், நினைவகம், தட்டு ஆகியவற்றின் பயன்பாடு விழுக்காட்டில் தெரியும். வழக்கமான உங்கள் வேலையைச் செய்துகொண்டே பத்து நிமிடம் குறித்து வாருங்கள். எது அடிக்கடி நூறைத் தொடுகிறதோ, அதுவே உங்கள் கணிப்பொறியின் குறுகிய மடை.