முதல் மழைக்கு முன்னால் உங்கள் தெருத் தண்ணீரின் வழியைக் கண்டுபிடியுங்கள்

வடகிழக்குப் பருவமழை: சென்னைவாசிகளுக்கான ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டி. சென்னைக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கும் மேல் அப்போதிலிருந்து டிசம்பர் முடிவதற்குள் பெய்துவிடும். அதுவும் சீராகப் பெய்யாது, சில நாட்களில் மொத்தமாகக் கொட்டும். 2015 நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் நூறு செ.மீ.-க்கு மேல் மழை பதிவானது. 2021 நவம்பர் 7 காலையோடு முடிந்த ஒரே நாளில் அங்கே இருபது செ.மீ.-யைத் தாண்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்துபோன பிறகும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை.

ஒவ்வொரு முறையும் எந்த இடத்தில் அடைப்பு, யார் எடுக்க வேண்டும் என்ற தேடல் முழங்கால் தண்ணீரில் நின்றபடிதான் தொடங்கியது. அந்தத் தேடலை இந்த ஆண்டு தரை காய்ந்திருக்கும்போதே முடித்துவிடுங்கள். இந்த ஆலோசனையின் சாரம் அவ்வளவுதான்.

இந்த வாரம்: வழியை நடந்து பாருங்கள்

உங்கள் தெருவில் விழும் மழை முதலில் சாலையோர வடிகால் வாய்க்குள் இறங்க வேண்டும். அங்கிருந்து வண்டல் தொட்டி, மழைநீர் வடிகால், கால்வாய், ஆறு, கடல். இந்தச் சங்கிலியில் ஓரிடம் அடைபட்டாலும் மேலே இருக்கும் தெருக்கள் எல்லாம் நிரம்பும்.

உங்கள் பகுதியின் கால்வாய் எதுவென்று தெரிந்துகொள்ளுங்கள். தியாகராய நகர்த் தண்ணீர் மாம்பலம் கால்வாய் வழியாக அடையாற்றுக்குப் போகிறது. வில்லிவாக்கம், அயனாவரம், புளியந்தோப்புப் பக்கத்துத் தண்ணீர் ஓட்டேரி நல்லா கால்வாய் வழியாகவும், வியாசர்பாடித் தண்ணீர் கேப்டன் காட்டன் கால்வாய் வழியாகவும் பக்கிங்ஹாம் கால்வாயை அடைகிறது. விருகம்பாக்கம்–அரும்பாக்கம் கால்வாய் கூவத்தில் சேர்கிறது. ஆதம்பாக்கத்துத் தண்ணீரை வீராங்கல் ஓடை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குக் கொண்டுபோகிறது. அந்தச் சதுப்பு நிலம் நிறைந்தால் ஒக்கியம் மடுவு வழியாகத் தெற்கு பக்கிங்ஹாம் கால்வாய்க்கும், அங்கிருந்து முட்டுக்காடு முகத்துவாரத்துக்கும் போக வேண்டும். வேளச்சேரித் தண்ணீரும் இந்தச் சதுப்பு நிலம் வழியாகவே போக வேண்டும். கடலுக்கு இவ்வளவு நீண்ட வழி என்பதும் மழை விட்ட பிறகு அங்கே தண்ணீர் நிற்க ஒரு காரணம்.

ஒரு மாலை நேரம் ஒதுக்கி, அக்கம்பக்கத்தார் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு நடந்து பாருங்கள். பார்க்க வேண்டியவை:

- வடிகால் வாய் சாலை மட்டத்துக்கு மேலே இருக்கிறதா? குப்பை, இலைதழை, கட்டட மண் மூடியிருக்கிறதா?
- வடிகாலின் குறுக்கே குடிநீர்க் குழாயோ கேபிளோ போகிறதா? குப்பை சிக்கிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.
- புதிதாகக் கட்டிய வடிகால் பழைய வடிகாலோடு இணைக்கப்பட்டிருக்கிறதா, பாதியில் நிற்கிறதா?
- மெட்ரோ ரயில் பணிக்கான தடுப்பு வடிகால் வாயை மறைத்திருக்கிறதா?
- மழை இல்லாத நாளிலும் வடிகாலில் தண்ணீர் ஓடுகிறதா? ஓடினால் அது பெரும்பாலும் கழிவுநீர். எங்கோ திருட்டு இணைப்பு இருக்கலாம்.
- மூடி இல்லாத குழி, சாய்ந்த மின்கம்பம், பட்டுப்போன கிளை உண்டா?

ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். கதவு எண்ணும் தெருப் பெயரும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள். அடைப்பை எடுக்கக் கூலிக்கு ஆள் பிடித்து மேன்ஹோலுக்குள் இறக்காதீர்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் குழாய்க்குள்ளும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே தேங்கும் நச்சுக்காற்று நிமிடங்களில் உயிரை எடுத்துவிடும். எவ்வளவு அவசரமானாலும் எந்திரம் வரும்வரை காத்திருங்கள்.

யாரிடம் சொல்வது?

426 சதுர கி.மீ. பரப்பு, 200 வார்டு கொண்டது பெருநகர சென்னை மாநகராட்சி. ஆனால் தண்ணீர் தொடர்பான எல்லாமே அதன் கையில் இல்லை. சரியான வாசலில் சொன்னால் நாட்கள் மிச்சமாகும்.

- தெரு வடிகால், வண்டல் தொட்டி, குப்பை, மரக்கிளை, சுரங்கப்பாதையில் தேங்கும் நீர்: மாநகராட்சி, 1913. ‘நம்ம சென்னை’ செயலியிலும் படத்தோடு பதியலாம்.
- கழிவுநீர்க் குழாய், மேன்ஹோல், குடிநீரில் கலப்பு: சென்னைக் குடிநீர் வாரியம், 044-4567 4567.
- தெருவோர மின்பெட்டி (பில்லர் பாக்ஸ்), தாழ்வான மின்கம்பி: மின்வாரியத்தின் மின்னகம், 94987 94987.
- ஏரி, ஆறு, முகத்துவாரம்: நீர்வளத் துறை. கால்வாய்களில் சில இத்துறையிடமும் சில மாநகராட்சியிடமும் உள்ளன. எது யாருடையது என்பதை உங்கள் வார்டு உதவிப் பொறியாளரிடம் கேளுங்கள்.
- அண்ணா சாலை, நூறடிச் சாலை போன்ற பெரிய சாலைகள்: நெடுஞ்சாலைத் துறை.

தாம்பரமும் ஆவடியும் தனி மாநகராட்சிகள். அங்கே இருப்பவர்கள் தங்கள் மாநகராட்சியிலேயே பதிய வேண்டும்.

புகார் எண்ணை வாங்காமல் தொலைபேசியை வைக்காதீர்கள். ஒரு வாரத்தில் வேலை நடக்கவில்லை என்றால் அந்த எண்ணோடு மண்டல அலுவலகத்துக்கும் கவுன்சிலருக்கும் எழுத்தில் கொடுங்கள். ஒரே இடத்தைப் பற்றிப் பத்து வீட்டார் கையெழுத்திட்ட ஒரு மனு, பத்துத் தனித்தனிப் போன் அழைப்பைவிட வேகமாக நகரும்.

வீட்டில் முடிக்க வேண்டியவை

மொட்டை மாடியைப் பெருக்கி, தண்ணீர் இறங்கும் குழாயின் வாயைத் துப்புரவாக்குங்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். ஆனால் அன்று போட்ட கூழாங்கல்லும் மணலும் பல வீடுகளில் சேறேறிக் கிடக்கின்றன. அவற்றை வெளியே எடுத்துக் கழுவிப் போடுங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் ஒன்பதாயிரம் லிட்டர், அதாவது ஒரு லாரித் தண்ணீர். அதை உங்கள் மண்ணுக்குள் இறக்கினால் தெருவுக்கு அவ்வளவு சுமை குறையும். கோடையில் கிணறும் கைகொடுக்கும். மாடிக் குழாயைக் கழிவுநீர் மேன்ஹோலில் மட்டும் விடாதீர்கள். பொங்கி வழிந்து அடுத்த வீட்டுக் கழிப்பறைக்குள் ஏறும்.

சம்ப் மூடியைத் தண்ணீர் புகாதபடி உயர்த்துங்கள். மீட்டர் பெட்டியும் மோட்டார் சுவிட்சும் தாழ்வாக இருந்தால் எலெக்ட்ரீஷியனையும் மின்வாரியத்தையும் கொண்டு இப்போதே ஏற்றிவிடுங்கள். ஆதார், குடும்ப அட்டை, பத்திரம், மருத்துவச் சீட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வையுங்கள். நகலைக் கைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளுக்கான மருந்து, குடிநீர், டார்ச், பவர் பேங்க், கைக்குழந்தை இருந்தால் பால்மாவு ஆகியவை கையில் இருக்கட்டும்.

உங்கள் தெருவில் தனியாக இருக்கும் முதியவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ஆக்சிஜன் எந்திரத்தை நம்பியிருப்பவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள் யார் யார்? பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் பொறுப்பாக ஒரு வீட்டாரை இப்போதே முடிவு செய்யுங்கள். முன்கூட்டிச் செய்யும் வேலைகளில் உயிர் காக்கும் வேலை இதுதான்.

எச்சரிக்கை நிறத்தை எப்படிப் படிப்பது?

வானிலை மையத்தின் கணக்கில் ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 செ.மீ. வரை மிக கனமழை, அதற்கு மேல் அதிகனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் பொதுவாக இந்த வரிசையில்தான் வரும்.

சென்னைக்கான நிறத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களுக்குச் சிவப்பு என்றால் அடையாற்றங்கரைக்கும் அதே எச்சரிக்கைதான். திருவள்ளூருக்குச் சிவப்பு என்றால் கூவம், கொசஸ்தலையாற்றுக் கரைகளில் இருப்பவர்கள் தயாராக வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் அதிகம். அந்த நேரத்தில் முகத்துவாரத்தில் ஆற்றுநீரைக் கடல் மெதுவாகத்தான் உள்வாங்கும்.

ஏரி திறப்புச் செய்தியில் வரும் ‘கன அடி’ என்பது நொடிக்கு ஏறத்தாழ 28 லிட்டர். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறக்கப்பட்டது. நொடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கும் மேல். அடையாற்றில் அன்று ஓடியது அது மட்டுமல்ல. ஆதனூர், மணிமங்கலம், தாம்பரம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்தே வந்தது. ஆகவே ‘செம்பரம்பாக்கம் இன்னும் திறக்கவில்லை’ என்ற செய்தியை மட்டும் நம்பி ஆற்றோரத்தில் காத்திருக்காதீர்கள். முடிச்சூர் தொடங்கி மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வரை இருப்பவர்கள் மேல்பகுதி ஏரிகளையும் கவனியுங்கள். பூண்டியோ புழலோ திறந்தால் சடையங்குப்பம், மணலி, எண்ணூர்ப் பக்கம் விழிப்பாக இருக்க வேண்டும்.

வெளியேறச் சொன்னால் பகல் வெளிச்சத்திலேயே கிளம்பிவிடுங்கள். உங்கள் வார்டின் நிவாரண மையம் எந்தப் பள்ளி, எந்தச் சமுதாயக் கூடம் என்று முன்பே கேட்டு வையுங்கள்.

மழை நாளில் பயணம்

- சுரங்கப்பாதை அடைக்கப்பட்டிருந்தால் திரும்பிவிடுங்கள். ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே ஆள் தடுமாறி விழலாம். ஒரு அடி இருந்தால் சிறிய கார்கள் மிதந்து நகரும்.
- மாநகரப் பேருந்துகள் மாற்றுத் தடத்தில் போகும். உங்கள் வழக்கமான நிறுத்தத்தை விட்டால் அடுத்து எந்த நிறுத்தம் என்று தெரிந்துவையுங்கள்.
- பேசின் பிரிட்ஜ்–வியாசர்பாடி ஜீவா இடையே உள்ள ரயில்பாலத்தில் நீர்மட்டம் ஏறினால் ரயில்கள் நிறுத்தப்படும். கனமழை நாளில் சென்ட்ரலிலிருந்து ஊருக்குக் கிளம்புபவர்கள் ரயில்வே அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.
- மெட்ரோ ஓடினாலும் நிலையத்திலிருந்து வீடுவரை நடக்கும் தெரு முழுகியிருக்கலாம். அந்தக் கடைசிக் கிலோமீட்டருக்கும் யோசித்துவிட்டுக் கிளம்புங்கள்.
- 2024 அக்டோபரில் வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி வைத்தார்கள். வண்டியைக் காப்பாற்ற நினைப்பதில் தவறில்லை. ஆனால் ஆம்புலன்ஸ் போக வழி விட வேண்டும். உயரமான இடத்தில் உள்ள நண்பர் வீடு, வாகன நிறுத்தம் எதையாவது இப்போதே பேசி வையுங்கள்.
- தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து மொத்தமும் கெட்டுவிடும்.
- பில்லர் பாக்ஸ், தெருவிளக்குக் கம்பம் அருகே தேங்கிய நீரில் கால் வைக்காதீர்கள். குழந்தைகளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

அவசரத்துக்கு 112. ஆம்புலன்ஸுக்கு 108. மாநிலப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077.

தண்ணீர் வடிந்த பிறகு

சம்புக்குள் வெள்ளநீர் புகுந்திருந்தால் முழுவதும் இறைத்து, தேய்த்துக் கழுவி, குளோரின் போட்ட பிறகே நிரப்புங்கள். குடிக்கும் நீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றுங்கள். நனைந்த சுவிட்சை எலெக்ட்ரீஷியன் பார்க்கும்வரை தொடாதீர்கள். டெங்குக் கொசு தெளிந்த நீரில்தான் முட்டையிடும். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், ஃப்ரிட்ஜின் பின்தட்டு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள். வெள்ளத்தில் நடந்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மருத்துவரிடம் உடனே போங்கள், தண்ணீரில் நடந்ததைச் சொல்லுங்கள்.

மாநகராட்சியிடம் கேட்க வேண்டியவை

தூர்வாரிய மண்ணைக் கரையிலேயே குவித்து வைத்தால் முதல் மழையில் மறுபடி உள்ளே போகும். அன்றன்றே லாரியில் ஏற்றச் சொல்லுங்கள். உங்கள் தெருவுக்குப் புதிய சாலை வந்தால் பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே போடச் சொல்லுங்கள். 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு இதை அறிவுறுத்தினார். சாலை ஏற ஏற வீடு தாழ்கிறது. தலைமுறைச் சேமிப்பில் கட்டிய வீட்டின் வாசல் பள்ளமாவதை யாரும் வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் இடம், வார்டுக்குள் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை. வார்டுக் குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் 2022-இல் விதிகள் வந்தன. உங்கள் பகுதியில் அடுத்த கூட்டம் எப்போது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேளுங்கள். போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோங்கள். இந்தப் பருவத்தில் ஒவ்வொரு கனமழைக்கும் அதில் நான்கு விவரம் எழுதி வாருங்கள்: தேதி, தண்ணீர் நின்ற இடம், எவ்வளவு உயரம், வடிய எத்தனை மணி நேரம். மாநகராட்சி வரவுசெலவுத் திட்டம் பருவமழை முடிந்த சில வாரங்களில் தயாராகும். ஜனவரியில் அந்த விவரத்தை எழுத்தில் கொடுத்தால், எந்தத் தெருவுக்கு வடிகால் வேண்டும் என்பதற்கு ஆதாரம் பொறியாளர் கையில் இருக்கும். அந்த நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வேண்டியது இந்த வாரம் நீங்கள் வாங்கப்போகும் புகார் எண்.