கடலின் பருவமும் நனையுடையும்

இங்கிலாந்து நாட்டின் தென்மேற்குக் கோடியில், அட்லாண்டிக் பெருங்கடலுள் நீண்டு கிடக்கும் நிலப்பகுதி கார்ன்வால் எனப்படும். அதன் வடகரையில் நியூகே என்னும் ஊர் உள்ளது. நெடுந்தொலைவில் புயற்காற்றால் எழுப்பப்பெற்ற அலைகள் தடையின்றி வந்து அக்கரையில் மோதுகின்றன. பலகையின்மீது நின்று அவ்வலைகளின் முகத்திலே வழுக்கி வரும் விளையாட்டு அங்குச் சிறந்து விளங்குகின்றது. இதனை அலைச்சறுக்கு என்பர்.

மே மாதத்தில் அவ்வூர்க்குச் செல்லும் ஒருவர், மரங்கள் தளிர்த்திருப்பதையும் வெயில் இனிமையாகக் காய்வதையும் காண்பார். இத்தகைய நாளில் கடலும் இதமாகவே இருக்கும் என எண்ணி, மெல்லிய ஆடையுடன் நீரில் பாய்வாராயின் பெருந்துன்பத்திற்கு உள்ளாவார். அப்போது கடல்நீரின் வெப்பம் ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நிற்கும். நிலத்திற்கு இளவேனில் வந்துவிட்டது. கடலுக்கோ பனிக்காலம் இன்னும் முற்றக் கழியவில்லை.

நீர், மண்ணினும் மெல்லச் சூடேறி மெல்லக் குளிரும் இயல்பினது. ஆதலின் நிலத்தின் பருவத்திற்கு ஒன்றிரண்டு திங்கள் பின்தங்கியே கடலின் பருவம் வரும். கார்ன்வால் கடல் மிகக் குளிர்ந்திருப்பது டிசம்பரில் அன்று. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களிலேயாம். அக்காலத்தில் 9 அல்லது 10 டிகிரி இருக்கும். மிக வெதும்பியிருப்பது ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில். அப்போதும் 16, 17 டிகிரியே. நிலத்தில் இலைகள் உதிரும் அக்டோபர்க் கடல், மலர்கள் பூக்கும் மே மாதக் கடலினும் வெப்பமுடையது. அலைகள் பெருத்து வருவதும் கூதிர், பனிக்காலங்களிலே ஆதலால், குளிருக்கு அஞ்சுவார்க்கு இவ்விளையாட்டு முழுமையாக வாய்ப்பதில்லை.

குளிர்நீரை எளிதாக எண்ணுதல் தகாது. 15 டிகிரிக்குக் குறைந்த நீரில் திடீரென வீழ்வார்க்கு, அவர் விரும்பாமலே மூச்சு வெடுக்கென்று உள்ளிழுக்கப்படும். அவ்வேளையில் வாய் நீருள் இருப்பின் காற்றுக்கு மாறாக நீரே உட்புகும். நீந்த வல்லாரும் இவ்வாறு மாண்டதுண்டு. கைகால்களை அடித்துப் போராடாமல், மல்லாந்து மிதந்து, மூச்சு நிலைபெறும் வரை பொறுத்திருத்தலே அப்போது உயிர்காக்கும் வழி. அத்தாக்குதல் சில நிமிடங்களில் தணியும். பின்னர்க் கைகால்கள் மரத்து வலிமை குன்றும். நீர், காற்றினும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கவர்வதே இதற்குக் காரணம்.

அமெரிக்க இயற்பியல் அறிஞர் ஹியூ பிராட்னர், 1951ஆம் ஆண்டளவில், கடலுள் மூழ்கிப் பணிபுரிவோர் பொருட்டு இதற்கொரு வழி தேடினார். உடல் நனையினும் தீங்கில்லை, சூடு வெளியேறாதிருந்தாற் போதும் என அவர் கண்டார். நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரின் உள்ளே நுண்ணிய வளிக்குமிழிகள் நிறைந்திருக்கும். சூட்டைத் தடுத்து நிறுத்துவன அவையே. உள்ளே கசிந்த சிறிதளவு நீர் உடற்சூட்டால் வெதும்பித் தங்கிவிடும். அதனால் இது ‘வெட்சூட்’, அஃதாவது நனையுடை, எனப் பெயர் பெற்றது. குளிர் காக்கும் உடைக்கு நனைதலால் பெயர் அமைந்தது முரண் போலத் தோன்றினும், உண்மை நோக்கிய பெயரேயாம்.

நனையுடையின் தடிப்பை மில்லிமீட்டரால் கணக்கிடுவர். 3/2 எனக் குறித்திருப்பின் மார்பு முதலிய நடுவுடற் பகுதி 3 மி.மீ., கைகால்ப் பகுதி 2 மி.மீ. என்பது பொருள். கார்ன்வாலில் கோடைக்கு 3/2 உடையும், இளவேனிலுக்கு 4/3 உடையும் ஏற்றவை. பனிக்காலத்திற்கு 5/4 உடையுடன் காலுறை, கையுறை, தலைமூடி ஆகியனவும் வேண்டும். தடிப்பு மிகுந்தது எப்போதும் நன்று எனக் கருதலும் தவறே. பலகைமேற் கிடந்து கையால் நீரைத் துழாவிச் செல்வோர்க்கு அது தோளை விரைவில் சோர்வுறச் செய்யும்.

தடிப்பினும் பொருத்தமே முதன்மையானது. உடை தளர்ந்திருப்பின் ஒவ்வோர் அலையும் உட்புகுந்து, வெதும்பிய நீரை வெளியேற்றிக் குளிர்நீரை நிரப்பும். கழுத்திலும் அக்குளிலும் இடுப்பின் பின்புறத்திலும் இடைவெளி உண்டா என அணிந்து பார்த்தே வாங்குதல் வேண்டும். தையலையும் நோக்குதல் நலம். ஊசி துணியை ஊடுருவாது தைத்து, பசையிட்டு ஒட்டியதே குளிர்க்கடலுக்கு உரியது.

நியூகேயில் பழகியோர் மே மாதத்து ஒளிமிக்க வெயிலில் 4/3 உடையை அணிந்தே நீரில் இறங்குவர். அவருள் சிலர், அக்டோபர் மாதத்து மழைச்சாரலிலோ 3/2 உடையே போதும் என்பர்.