மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள்



"கொழுந்து லொறி ஏன் மேட்டில் திணறுது? டீசல் இல்லாட்டி வேறு எண்ணெய் ஊத்த ஏலாதா?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. விடை தேடி நாம் இம்முறை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் போவோம்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் அங்கே பெற்றோலும் டீசலும் போவது தடைப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளவோடு கிடைத்தது. அதற்கும் பல மடங்கு விலை. சனங்கள் ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கேற்றினார்கள். அதே எண்ணெயில் வண்டியும் ஓட்டினார்கள்.

பெற்றோல் எஞ்சின்

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் கார்புரேற்றரில் சில துளி விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடும். ஆறிவிட்டால் மறுபடியும் பெற்றோல் வேண்டும்.

இதற்கு உதவியவை ஒஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் போன்ற பழைய வண்டிகளே. அவற்றின் எஞ்சின் கலவையை ஏறத்தாழ 7 மடங்குதான் அமுக்கும். புதிய எஞ்சின்கள் 9, 10 மடங்கு அமுக்குவதால் மண்ணெண்ணெய் நேரம் தவறி வெடித்து "டக் டக்" என்று தட்டும், பிஸ்டன் கெடும்.

டீசல் எஞ்சின்

லொறியின் டீசல் எஞ்சினில் மண்ணெண்ணெய் எரியும். ஆனால் டீசல் பம்புக்கு டீசலேதான் மசகு. மண்ணெண்ணெய் மெல்லியது, பம்பும் இன்ஜெக்டரும் சீக்கிரம் தேயும். கொஞ்சம் எஞ்சின் ஒயில் கலந்தால் தேய்மானம் குறையுமே தவிர நிற்காது.

பெற்றோல் எஞ்சினில் இன்னொரு நட்டமும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஒயிலை அடிக்கடி மாற்றாவிட்டால் பெயரிங் போய்விடும். மிச்சம் பிடித்த காசு கராஜுக்குப் போகும்.

சமதரையும் மலையும்

வலிகாமத்திலிருந்து வடமராட்சிக்குப் போக ஒரு மலையும் இல்லை. இழுவை குறைந்தாலும் வண்டி போய்ச் சேரும். நம்முடைய பாதை அப்படியல்ல. பாரம் ஏற்றிய லொறி வளைவில் நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து. பல லொறிகளில் பிறேக்கின் பலம் எஞ்சின் ஓடுவதில்தான் இருக்கிறது. டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும் இதனால்தான் கூடாது. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது நல்லது.

நினைவில் வைப்போம்

1. 2022இல் நாமும் எரிபொருள் வரிசையில் நின்றோம். அப்படி ஒரு காலம் திரும்ப வந்தாலும், ஆட்களை ஏற்றும் வண்டியில் கண்ட எண்ணெயை ஊற்றி மலைப்பாதையில் போகவேண்டாம்.

2. பெற்றோல் பட்ட போத்தலில் லாம்பெண்ணெய் வாங்கவேண்டாம். மண்ணெண்ணெய் ஆவி தீப்பற்றச் சுமார் 38 பாகை சூடு வேண்டும்; பெற்றோலுக்குக் குளிர்ந்த காலையே போதும். கொஞ்சம் கலந்தாலும் குப்பி விளக்கு வெடிக்கலாம். லயத்தில் ஒரு காம்பரா பற்றினால் அடுத்த காம்பராவும் பற்றும்.

3. எரிகிற விளக்கில் எண்ணெய் ஊற்றவேண்டாம்.

வீட்டில் பேசிப் பார்ப்போம்

பழைய எஞ்சின் மட்டும் மண்ணெண்ணெயில் ஓடியது ஏன்? யாழ்ப்பாணத்தில் சரிவந்தது நுவரெலியாவில் ஏன் சரிவராது? நம் வீட்டு எண்ணெய்ப் போத்தலில் முன்பு என்ன இருந்தது? மூன்றாவது கேள்விக்கு இன்றைக்கே விடை தெரிந்துகொள்ளுங்கள்.